போபோவோட கறுப்பு பேன்ட்

நான் திருப்பூர்ல மெர்ச்சண்டைசர், எக்ஸ்போர்ட் துணி ஆர்டர பாத்துக்கற வேலை. வருசத்துக்கு ரெண்டு தடவையாச்சும் தென் சீனாவுல குவாங்சோ போக வேண்டி வரும். அங்க ஜோங்தான்னு ஒரு துணி மார்க்கெட், மார்க்கெட்னு சொல்றத விட ஊர்னே சொல்லலாம், பட்டன், ஜிப், லேஸ், எலாஸ்டிக், ரோல் ரோலா துணின்னு மாடி மாடியா கடைங்க, ஏறி இறங்கி ஸ்வாட்ச், அதான் மாதிரித் துணித்துண்டு, பொறுக்கறதுக்குள்ள சாயங்காலம் ரெண்டு காலும் வீங்கிரும். அப்படி ஒரு தடவை ஒரே பட்டன் டப்பாவுக்கு ரெண்டு பேரும் கை நீட்டுனதுல பழக்கமானவதான் அவ. டிசைனர், சொந்தமா சின்னதா ஒரு லேபிள், மூணு தையல்காரங்க. பேர் வேண்டாம். ரெண்டு பேரோட இங்கிலீஷும் ஓட்டை, ஓட்டைய அடைக்க போன்ல ட்ரான்ஸ்லேட்டர் இருக்கு, அது சில நேரம் எங்களுக்குள்ள சண்ட மூட்டி விடும், ஆனா எப்படியோ அஞ்சாறு வருசமா ஓடுது.

அவ வெளிநாட்டுல ஃபேஷன் படிச்சவ. அங்க ஒரு வாத்தியார் இவ போட்ட ஸ்கெட்ச் எல்லாம் பாத்துட்டு நல்லாருக்கு, ஆனா இதுல நீ எங்கன்னு கேட்டாராம். நீன்னா சைனா. இவளுக்குப் புரிஞ்சு போச்சு, அடுத்த வாரமே செவப்பு சாட்டின்ல தங்க ட்ராகன், பியோனி பூ, கழுத்துக்கு நின்ன காலர், ஓரத்துல முடிச்சு பட்டன்னு வரிசையா போட்டுக் குடுத்திருக்கா, நல்ல மார்க். அந்தக் கதைய சொல்லும்போது அவ சிரிக்கல. எங்க வீட்டுல யாரும் ட்ராகன் போட்ட துணி உடுத்துனதே இல்ல, சாப்பாட்டுக் கடை வாசல்ல நிக்கற பொண்ணுங்கதான் அப்படி உடுத்திருப்பாங்க, நான் என் பாட்டிய விட்டுட்டு ஹோட்டல் போர்ட பாத்து டிசைன் பண்ணிட்டேன்னா.

எனக்கு இது நல்லாவே புரிஞ்சுது. எங்க பையர் ஒருத்தருக்கு இந்தியான்னா மாங்கா டிசைனும் யானையும்தான், காட்டன் டிஷர்ட் மேல யானைய அச்சடிச்சு அனுப்புனா எத்னிக் கலெக்‌ஷன். யானை போட்ட துணிய எங்க தெருவுல நான் பாத்ததில்ல.

சரி, அவ பாட்டி என்னதான் உடுத்துனாங்க? அடுத்த ட்ரிப்ல காட்டுனா. துருப்பிடிச்ச ஒரு பிஸ்கட் டப்பா. உள்ள ஒரு பேன்ட், அம்மாவோட அம்மா உடுத்துனது. போபோன்னு கூப்பிடுவாங்களாம், எங்க கொங்கு பக்கம் அம்முச்சிம்போம், அதேதான். பாத்தா துணின்னே தோணல, எண்ணெய் தேச்ச தோல் மாதிரி ஒரு கறுப்பு, மினுமினுப்பும் இருக்கு, ஆனா பட்டுப் புடவை மினுப்பு இல்ல, நனைஞ்ச கருங்கல்லு மேல வெயில் படுமே அது. உள்பக்கம் திருப்புனா செங்கல் நெறம். இடுப்புக்கு கயிறு. முட்டி ரெண்டுலயும் கறுப்பு தேஞ்சு உள்ள இருக்கற பழுப்பு வெளிய வந்திருக்கு, வலது முட்டியில கொஞ்சம் அதிகமா. மண்டி போட்டு என்னமோ வேலை செஞ்சிருக்காங்க. நான் ரெண்டு விரல்ல புடிச்சு தேச்சேன், சரசரன்னு சத்தம் வந்துச்சு, காஞ்ச வாழைச்சருகு மாதிரி. பருத்தியும் பாலியஸ்டரும் புடிச்சுப் பழகுன கை எனக்கு, வேட்டியோட மடமடப்பு தெரியும், இந்த சத்தம் புதுசு.

துணியோட பேரு ஸியாங்யுன்ஷா. இதுல ஒரு வேடிக்கை, சீன மொழியில ஸியாங்ங்கறத ஒரு தொனியில சொன்னா சத்தம், இன்னொரு தொனியில சொன்னா வாசம். மொதல்ல சத்தம் போடற மேகத் துணின்னுதான் பேர் இருந்துச்சாம், நடந்தா சரசரங்குதுல்ல, அப்பறம் அது நாசூக்கா வாசனை மேகத் துணின்னு மாறிடுச்சுன்னு சொல்றாங்க. போபோ மாதிரி ஆளுங்க ரெண்டும் சொல்ல மாட்டாங்க, அவங்களுக்கு அது கறுப்புப் பசைத் துணி, அவ்வளவுதான். எனக்கு அந்தப் பேர்தான் புடிச்சிருக்கு.

இத செய்யற இடம் ஷுன்டே, ஃபோஷான் பக்கம், குவாங்சோல இருந்து ஒரு மணி நேரம். இன்னிக்கு ஷுன்டேன்னா ஏசி, மைக்ரோவேவ் அவன் செய்யற கம்பெனிங்களுக்குத்தான் பேர், சாப்பாட்டுக்கும் பேர், பச்ச மீனை கண்ணாடி மாதிரி சீவி கடலை எண்ணெய், இஞ்சி, வேர்க்கடலை போட்டுப் பெரட்டித் தருவாங்க, நான் சாப்பிடல, வீடியோ எடுத்துட்டு வந்தேன். ஆனா அதுக்கு முன்னாடி அது பட்டுப்பூச்சி ஊரு. குளம் வெட்டி, வெட்டுன மண்ண கரையில கொட்டி, கரை மேல மல்பெரி, மல்பெரி இலைய பூச்சிக்கு, பூச்சி போட்ட எச்சத்த குளத்து மீனுக்கு, குளத்தடி வண்டல அள்ளி திரும்ப மல்பெரிக்கு. ஒரு சொட்டு வீணாகாது. அந்த வண்டல் மண்ணு புத்திதான் இந்தத் துணியிலயும் இருக்கோன்னு எனக்கு தோணும்.

ஷுன்டேல லுன்ஜியாவ்ங்கற ஊர்ல இன்னும் இந்த சாயம் போடறாங்க, 2008ல அரசாங்கம் தேசிய மரபுக்கலை பட்டியல்ல சேத்துச்சு. ஒரு அக்டோபர்ல அவ என்னைக் கூட்டிட்டுப் போனா. மொதல்ல பாத்தது ஒரு புல்வெளி, கிரிக்கெட் கிரவுண்ட் மாதிரி ஒட்ட வெட்டுன புல்லு, அது மேல நீள நீளமா பழுப்புத் துணிங்க படுத்திருக்கு, ஓரத்துல மூங்கில் குச்சி சொருகி இழுத்துக் கட்டிருக்கு. புல்லு எதுக்குன்னு கேட்டேன், தரையிலயே போட வேண்டியதுதானேன்னு. புல்லோட நுனி துணிய தூக்கிப் புடிச்சுக்கும், அடியில காத்து போகும், அதான் சீரா காயும்னாங்க. எங்க பட்டறையில துணிய இழுத்துப் புடிச்சுக் காய வைக்கற ஸ்டென்டர் மிஷின் பண்ற வேலை, இங்க புல்லு பண்ணுது.

சாயம் என்னன்னு பாத்தா ஒரு கிழங்கு. ஷூலியாங்னு பேரு, நம்ம வள்ளிக்கிழங்கு சாதிதான், மேல கரடுமுரடா மரக்கட்டை மாதிரி இருக்கும், வெட்டுனா உள்ள ரத்தச் செவப்பு. அத இடிச்சு சாறு எடுத்து, வெள்ளப் பட்ட அதுல முக்கி வெயில்ல போடறது, காஞ்சா திரும்ப முக்கறது, திரும்ப வெயில், நடுவுல அந்தச் சாறுலயே போட்டு வேக வைக்கறது வேற. முப்பது தடவைக்கு மேல போகுமாம். ஒவ்வொரு வெயிலுக்கும் ஒரு படி கருஞ்செவப்பு ஏறுது. மழை வந்தா ஓடிப் போய் சுருட்டணும், கோடை உச்சியில வெயில் ஓவர், குளிர்காலத்து வாடைக்காத்துல துணி மொறுமொறுன்னு ஆயிடும், ஆக வருசத்துல சில மாசம்தான் வேலை. எக்ஸ்போர்ட் டெலிவரி டேட் வச்சு வேலை பாக்கற எனக்கு இதக் கேக்கும்போதே பிரஷர் ஏறுச்சு.

ஆனா உண்மையான வேலை மறுநா விடியறதுக்கு முன்னாடி. நாலரை மணிக்கே கிளப்பி விட்டுட்டா. இருட்டு, ட்யூப்லைட், கொசு. ஆத்துல இருந்து எடுத்த சேறு, சலிச்சு நைசா தோசமாவு பதத்துல வச்சிருக்காங்க, கறுப்பும் சாம்பலும் கலந்த நிறம், குளத்து வாசம். நீளமா துணிய விரிச்சு, சேத்த மேல ஊத்தி தேய்க்கறாங்க, ஒரு பக்கம் மட்டும். அதுக்கப்பறம் ரெண்டு பக்கமும் ஆளுங்க புடிச்சு பிணம் தூக்கற மாதிரி அலுங்காம தூக்கிட்டுப் போய் புல்லுல போடறாங்க. யாரும் பேசல. வெயில் வந்துட்டா சேறு காஞ்சு புடிச்சுக்கும், நிறம் திட்டுத்திட்டா போயிடும், அதான் அவசரம். கொஞ்ச நேரம் விட்டு ஆத்துத் தண்ணியில அலசறாங்க. சேறு போகுது. துணி கறுப்பா இருக்கு.

நான் கறைன்னுதான் நெனச்சேன், தேச்சுப் பாத்தேன், வரல. சேறு தடவுன பக்கம் கறுப்பு, தடவாத பக்கம் அதே செங்கல். கிழங்குச் சாறுல இருக்கற துவர்ப்பும் ஆத்துச் சேத்துல இருக்கற இரும்பும் புடிச்சுக்கிச்சு. இதுக்கு பெரிய மந்திரம் எதும் வேண்டாம், நம்மூர் கலம்காரில கறுப்பு எப்படி வருது? துணிய கடுக்காய்ல ஊற வச்சு, துருப்பிடிச்ச இரும்பும் வெல்லமும் புளிக்க வச்ச தண்ணியால கோடு போட்டா கறுப்பு, தஞ்சாவூர் பக்கம் சிக்கல்நாயக்கன்பேட்டையில இன்னும் அப்படித்தான் போடறாங்க. அதே கணக்கு. அங்க கடுக்காய், இங்க கிழங்கு. அங்க துருப்பிடிச்ச ஆணி, இங்க முத்து நதி வண்டல். அந்தச் சேத்த விட்டு வேற ஊர்ச் சேறு போட்டா இந்தக் கறுப்பு வராதுன்னு லுன்ஜியாவ்ல எல்லாரும் அடிச்சு சொல்றாங்க.

அன்னிக்கு சாயங்காலம் இன்னொண்ணு பாத்தேன். எல்லா வேலையும் முடிஞ்ச துணிய பொழுது சாயற நேரத்துல திரும்ப புல்லு மேல விரிக்கறாங்க, சும்மா. பனி புடிக்க. வெயில்ல காஞ்சு விறைச்சுப் போனதுக்கு புல்லுல இருந்து ஏறற ஈரம் பட்டு இளகணுமாம். அதுக்கு மேலயும் தச்சுடக் கூடாது, சூடு இறங்கட்டும்னு சில மாசம் அப்படியே வச்சிருப்பாங்க. ஊறுகாய் மாதிரி.

திரும்பி வர்ற வழியில நான் உளற ஆரம்பிச்சிட்டேன், என்ன ஒரு ராயல் துணி, ராணிங்க உடுத்துனதான்னு. அவ சத்தமா சிரிச்சுட்டா. இது மீன் புடிக்கறவன் துணி. படகுல இருக்கறவங்க, வயல்ல இருக்கறவங்க. அந்த ஊர் வெக்கை நம்ம சென்னைய தூக்கிச் சாப்புடும், வேர்த்தா உடம்போட ஒட்டாது, தண்ணி பட்டா உருண்டு ஓடிரும், நனைஞ்சாலும் சீக்கிரம் காயும், அழுக்கு தெரியாது, சோப்பு வேண்டாம். அதுக்காக உடுத்துனது. காசிருக்கறவங்களும் 1920, 30கள்ல விரும்பி உடுத்துனாங்க, அது தனி. ஆனா 1949ல கம்யூனிஸ்ட் ஆட்சி வந்ததுக்கு அப்பறம் எடுத்த படங்கள்ல பண்ணையார் அடியாள், காட்டிக் குடுக்கறவன் எல்லாம் இந்த பளபள கறுப்புல வருவானாம். அவங்கப்பாவுக்கு இன்னிக்கும் இது ரவுடித் துணி. ஸ்கூல் வாசல்ல போபோ இந்த பேன்ட்டோட வந்து நின்னா இவ ஒளிஞ்சுக்குவாளாம். சொல்லிட்டு ஜன்னலப் பாத்துக்கிட்டா. நான் ஒண்ணும் கேக்கல, எங்க அம்முச்சி ரவிக்கை போடாம ஸ்கூல் ஆண்டுவிழாவுக்கு வந்த அன்னிக்கு நான் எங்க போய் ஒக்காந்தேன்னு எனக்குத்தான் தெரியும்.

பேன்ட் போபோவோடதுதான், ஆனா துணி வாங்கித் தந்தது போபோவோட பெரியம்மா. அவங்க தானே தலை வாரிக்கிட்டவங்க. அப்படின்னா? கல்யாணத்தன்னிக்கு பொண்ணுக்கு தலை வாரிக் கொண்டை போடுவாங்கல்ல, ஷுன்டே பக்கம் சில பொண்ணுங்க அந்தக் கொண்டைய தானே போட்டுக்கிட்டு, கல்யாணமே வேண்டாம்னு சத்தியம் பண்ணிருவாங்க. ஸ்ஷூன்யூன்னு பேரு. இது ஏதோ சாமியார் சமாச்சாரம் இல்ல, அங்க பட்டு நூல் எடுக்கற மில்லுங்க நெறைய, பொண்ணுங்க கையில கூலி வந்துச்சு, கூலி வந்தவளுக்கு புருசன் எதுக்குன்னு ஒரு கேள்வியும் கூடவே வந்துச்சு. 1930கள்ல உலகம் பூரா பட்டு விலை விழுந்து மில்லுங்க மூடுனப்போ இவங்க கூட்டம் கூட்டமா ஹாங்காங், சிங்கப்பூர், மலாயான்னு வீட்டு வேலைக்குக் கப்பல் ஏறுனாங்க. பழைய சிங்கப்பூர் போட்டோவுல வெள்ளைச் சட்டை, கறுப்பு பேன்ட், முதுகுல ஒத்தச் சடையோட கொழந்தய இடுப்புல வச்சிருப்பாங்களே, 'ஆமா'ங்கற (amah) பேர்ல கூப்பிடற ஆயாம்மாங்க, அவங்கள்ல பல பேர் இவங்கதான். சிங்கப்பூர் தமிழ்க் குடும்பங்கள்ல வயசானவங்கள கேட்டா எதுத்த வீட்டு 'ஆமா' ஒருத்தர் நெனப்பு வரும்.

சத்தியம் பண்ணவங்க பொறந்த வீட்டுல சாகக் கூடாதுன்னு ஊர் வழக்கம். அதனால சிங்கப்பூர்ல சம்பாதிச்ச காச சேத்து, ஷுன்டேல ஜுன்ஆன்ங்கற ஊர்ல தங்களுக்குன்னு ஒரு வீடே கட்டிக்கிட்டாங்க, 1950 வாக்குல, பிங்யூ மண்டபம்னு, பிங் பனிக்கட்டி, யூ பச்சைக்கல்லு. இப்போ மியூசியம். போனோம். சுவத்துல வரிசையா அவங்க போட்டோ, ஒரு மூங்கில் கட்டில், சீப்பு. ட்ராகன் எங்கயும் இல்ல. அவ அந்த சீப்பு முன்னாடி ரொம்ப நேரம் நின்னா.

இப்போ அந்தத் துணிக்கு மென்தங்கம்னு பட்டப்பேர். தொண்ணூறுகள்ல ஷென்ஜென்ல லியாங் ஸின்னு ஒரு டிசைனர், டாங்கின்னு பிராண்டு அவங்களோடது, கிட்டத்தட்ட கைவிட்டுப் போன இந்தத் துணிய எடுத்து, கிழவிங்க துணிங்கற பேர மாத்தி கவுனும் கோட்டுமா தச்சு ராம்ப்ல நடக்க விட்டாங்க. அதுக்கப்பறம்தான் பட்டறைங்களுக்கு திரும்ப மூச்சு வந்துச்சு. நல்லதுதான், இல்லன்னா எனக்குப் பாக்க புல்வெளியே இருந்திருக்காது. ஆனா மீன்காரன் துணி இன்னிக்கு மால்ல கண்ணாடிக்குப் பின்னாடி, மீன்காரன் பாலியஸ்டர்ல. இதுக்கு யாரையும் திட்ட முடியல, கையால பதினஞ்சு நாளைக்கு மேல ஆகற துணிய வேற எந்த விலைக்கு விப்பாங்க. இருந்தாலும் கடையில அந்த விலைச்சீட்டப் பாத்தப்போ எனக்கு கொஞ்சம் உறுத்துச்சு.

அடையாளம்னு பேச ஆரம்பிச்சா சைனாக்காரங்களே ஒத்துப் போக மாட்டாங்க. சிப்பாவ்ங்கற டைட் கவுன்தான் சீன உடைன்னு நாம நெனச்சிட்டிருக்கோம், அதுக்கு வேரு வடகிழக்குல இருந்து வந்து சீனாவ ஆண்ட மஞ்சு ஜனங்களோட அங்கி, இப்போ நாம பாக்கற வெட்டு 1920கள்ல ஷாங்காய்ல வந்தது. மாவோ காலத்து கலாச்சாரப் புரட்சியில (1966-76) அத உடுத்துனா ஆபத்து, அந்தத் தையல் உசுரோட இருந்தது ஹாங்காங் போன ஷாங்காய் தையல்காரங்களாலதான். 2001ல ஷாங்காய்ல நடந்த ஏபெக்ங்கற ஆசிய-பசிபிக் நாடுகளோட மாநாட்டுல தலைவருங்க எல்லாருக்கும் போட்டு விட்டாங்களே டாங் சட்டை, பேருதான் டாங் வம்சம், வெட்டு மஞ்சுக்களோட சிங் வம்சத்துது, வெளிநாட்டுச் சீனருங்கள டாங் ஆளுங்கன்னு கூப்பிடறதால அந்தப் பேரு. அப்படின்னா எது அசல்னு ஹன்ஃபூ புள்ளைங்க, ஹான் ஜனங்களோட பழைய உடைய திரும்பக் கொண்டு வரணும்ங்கறவங்க, கேக்கறாங்க, மஞ்சு காலத்துக்கு முந்தின நீள அங்கி உடுத்திட்டு மெட்ரோல போறாங்க, 2022ல பிரெஞ்சு ஃபேஷன் கம்பெனி டியோர் போட்ட ஒரு பாவாடை எங்க பழைய மடிப்புப் பாவாடையோட, குதிரைமுகப் பாவாடைம்பாங்க, காப்பின்னு பாரிஸ்ல கடை வாசல்ல போய் நின்னாங்க. எனக்கு அந்தப் புள்ளைங்க மேல பாசம்தான், கோவத்துல நியாயமும் இருக்கு, ஆனா எந்த நூற்றாண்டுல கோடு போடறதுங்கறதுல அவங்களுக்குள்ளயே அடிதடி.

குவோ பெய்ங்கற சீன டிசைனரோட வழி வேற. 2015ல நியூயார்க் மெட் காலா ஃபேஷன் விழாவுல பாடகி ரிஹானா இழுத்துட்டு நடந்தாங்களே மஞ்சள் கவுன், ஆம்லெட்னு இன்டர்நெட் பூரா கிண்டல் பண்ணாங்க, அது அவங்க செஞ்சது, 25 கிலோ கிட்ட எடை, கையாலயே போட்ட எம்ப்ராய்டரி. பெய்ஜிங்ல கலாச்சாரப் புரட்சி காலத்துல வளந்தவங்க அவங்க, எல்லாரும் ஒரே நீலம் ஒரே சாம்பல் உடுத்துன காலம், பாட்டி வாய்வழியா சொன்ன பட்டும் பூவேலையும்தான் அவங்களுக்கு மூலதனம். பாக்க பிரமாதம். என் ஃப்ரெண்டு சொன்னா, அது அரண்மனைய கேட்டு வளந்த பாட்டியோட பேத்தி செஞ்சது, எங்க போபோ அரண்மனை கேக்கல, சேறு மிதிச்சவங்கன்னு.

அதனால அவ என்ன பண்ணா? போன வருசம் ஒரு ஜாக்கெட் செஞ்சா. வெட்டு சாதாரண வெட்டு, வேலைக்காரங்க போடற மாதிரி, பாக்கெட் ரெண்டு. துணி ஸியாங்யுன்ஷா. ஒரு பூ இல்ல. ஆனா தச்சு முடிச்சதுக்கப்பறம் அவளே நாலு மாசம் உடுத்திருக்கா. பஸ்ல, மார்க்கெட்ல, தூங்கும்போது கூட. முழங்கை, தோள்ல பை மாட்டற இடம், பாக்கெட் வாய், அங்கெல்லாம் கறுப்பு தேஞ்சு பழுப்பு எட்டிப் பாக்குது. அத அப்படியே பேட்டர்னா எடுத்து, அடுத்த பத்து பீஸுக்கு எங்க எவ்வளவு தேயணும்னு கணக்குப் போட்டு, சேறு தடவும்போதே அந்த இடத்துல மெல்லிசா தடவச் சொல்லி பட்டறைக்காரர்கிட்ட சண்டை போட்டிருக்கா. அவர் ஒத்துக்கவே இல்லையாம். நாங்க தலைமுறையா சீரா தடவக் கத்துக்கிட்டோம், நீ கோணலா தடவச் சொல்றன்னு. கடைசியில மூணு பீஸ் போட்டுக் குடுத்தாரு, பேர் சொல்லக் கூடாதுங்கற கண்டிஷன்ல.

அந்த மூணும் தரம் பாக்கற எங்க க்யூசி டேபிளுக்கு வந்திருந்தா நிறம் சீரா இல்ல, ஷேட் வேரியேஷன்னு செவப்பு ஸ்டிக்கர் ஒட்டி ரிஜெக்ட் பண்ணிருப்போம். நானே ஒட்டிருப்பேன்.

கெளம்பும்போது எனக்கு ரெண்டு மீட்டர் வெட்டிக் குடுத்தா, மடிக்காத, சுருட்டி எடுத்துட்டுப் போ, மடிச்சா கோடு விழுந்துரும்னு பத்து தடவை சொன்னா. ஊருக்கு வந்து அப்பாகிட்ட குடுத்தேன். அப்பா இருபது வருசம் சாயப்பட்டறையில இருந்தவர், 2011ல கோர்ட் ஆர்டர்ல பட்டறைங்கள மூடுனப்போ வெளிய வந்தவர்தான், நொய்யல் என்ன நிறத்துல ஓடுதுன்னு பாத்து இன்னிக்கு எந்த கம்பெனி ஆர்டர்னு சொல்லிருவார்னு நாங்க கிண்டல் பண்ணுவோம், சிரிக்க மாட்டார். துணிய விரல்ல நீவுனார், காதுகிட்ட வச்சுக் கசக்குனார், ஓரத்த எச்சத் தொட்டு தேச்சு நகத்தப் பாத்தார்.

"இரும்பு போட்டிருக்கான்" அப்படின்னார். "கழுவுன தண்ணிய எங்க விடறான்?"

ஆத்துலதான்ப்பா, ஆத்துச் சேறுதானே, ஆத்துக்கே போகுதுன்னேன். ரொம்ப நேரம் ஒண்ணும் சொல்லல. துணியோட செங்கல் பக்கத்தத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு இருந்தார்.

அம்மா அடுப்படியில இருந்து கை தொடச்சுட்டு வந்து பாத்தாங்க. வெலை கேட்டாங்க, நான் பாதிக்குக் கொறச்சு சொன்னேன், அதுக்கே வாயில கை வச்சுக்கிட்டாங்க. ஒரே கறுப்பா இருக்கேடி, நல்லது கெட்டதுக்கு உடுத்த முடியுமா, சரிகையாச்சும் இருக்கான்னு திருப்பிப் பாத்தாங்க. கிளாஸ்ல இருந்த தண்ணி ரெண்டு சொட்டு அது மேல சிந்திருச்சு, முத்து மாதிரி உருண்டு கீழ விழுந்துச்சு, துணி நனையல.

"விசேசத்துக்கு வேண்டாம் சாமி. மழையில காட்டுக்குப் போறப்ப போட்டுக்கலாம், ஒரு பேன்ட்டு தச்சுக்கோ"ன்னாங்க.

அன்னிக்கு ராத்திரி அத ட்ரான்ஸ்லேட்டர்ல போட்டு அவளுக்கு அனுப்புனேன். பத்து நிமிசம் கழிச்சு பதில் வந்துச்சு, எங்கம்மாவோட இடுப்பளவு, காலளவு ரெண்டும் வேணுமாம்.